இடம் மாறிய இரண்டு இலக்கங்கள்

கல்லூரிப் பதிவறையில் அந்த அம்மாளை எல்லோரும் 'ரெண்டு தடவை அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார். பத்தொன்பது வருடமாக, சேர விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் நுழைவுத் தேர்வு மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றுவது அவர் வேலை. ஏற்றி முடித்தால் கணினியே வரிசைப்படுத்தி, அறுபதாவது பெயருக்குக் கீழே கோடு போட்டுவிடும்.

ஒரு வருடம், உடன் வேலை பார்ப்பவர் பிரசவ விடுப்பில் போயிருந்தார். ஏற்றுவதும் சரிபார்ப்பதும் அக்கா ஒருவர் தலையிலேயே விழுந்தது.

முதலாண்டு முடிந்து அசல் மதிப்பெண் தாள்களைக் கட்டி வைக்கும்போதுதான் கவனித்தார். தையல்காரர் ஒருவரின் மகள் வாங்கியது 412. பட்டியலில் இருந்ததோ 421. அந்த வருடம் 418-க்குக் கீழே யாருக்கும் இடமில்லை. காத்திருப்புப் பட்டியலில் முதலில் இருந்தவன் பேருந்து ஓட்டுநரின் மகன், 417. அவன் இடத்தில்தான் இந்தப் பெண் படித்துக்கொண்டிருந்தாள். அதுவும் வகுப்பில் மூன்றாவதாக.

அக்கா அசல் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தார். வீட்டில், லிஃப்ட் மெக்கானிக்கான கணவரிடம் மட்டும் சொன்னார்.

"யாருக்கும் தெரியாதுல்ல? விட்டுடு. அந்தப் பொண்ணும் நல்லாத்தானே படிக்குது."

"எனக்குத் தெரியுதே. அந்தப் பையனுக்கு என்ன பதில் சொல்றது?"

மூன்றாம் நாள் தாளை எடுத்துக்கொண்டு முதல்வர் அறைக்குள் போனார்.

முதல்வர் தாளையும் பட்டியலையும் மாறி மாறிப் பார்த்தார். பெண்ணை வரவழைத்தார்கள். விஷயத்தை அவளிடம் சொன்னார்கள்.

"விண்ணப்பத்துல நான் மார்க்கைச் சரியாத்தான் எழுதிக் குடுத்தேன், சார். போயிடணுமா?"

முதல்வர் தாளை மடித்து மேசைமேல் வைத்தார். பிறகு, "உன்மேல தப்பில்லம்மா. வகுப்புக்குப் போ" என்றார். அவள் போன பிறகு, "கோட்டுக்கு ஆறு மார்க் கம்மியா வாங்கினவ மூணாவதா நிக்கிறா. இத்தனை வருஷமா எத்தனை பேரை இந்தக் கோட்டுக்குக் கீழே நிறுத்தியிருக்கோம்?" என்று யாரிடமோ கேட்பதுபோல் கேட்டார்.

அந்தப் பையனுக்கு வரும் கல்வியாண்டில் ஓர் இடம் தருவதென்று சேர்க்கைக் குழு முடிவு செய்தது. கடிதத்தைத் தபாலில் அனுப்ப அக்காவுக்கு மனம் வரவில்லை. தானே எடுத்துப் போனார்.

பையன் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்த்துக்கொண்டிருந்தான். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, நின்றபடியே கடிதத்தைப் படித்தான்.

"ஒரு மார்க்ல போச்சுன்னு நெனச்சேன்," என்றான். "கடைசில ஒரு கணக்கு. மொதல்ல சரியா போட்டு, அப்புறம் அடிச்சு மாத்துனேன். ஒரு வருஷமா அதையேதான் திட்டிட்டிருக்கேன், என்னையே."

"அது உன் தப்பில்லப்பா. என் தப்பு."

அவன் அம்மாவும் அப்போது அங்கே வந்திருந்தாள். "மன்னிப்பு கேக்க வந்தீங்க, சரி. போன வருஷத்த யாரும்மா திருப்பித் தருவாங்க?" என்றாள்.

பத்து நாள் எந்தத் தகவலும் இல்லை. பதினோராம் நாள் பையன் கடிதத்தோடு வந்து சேர்ந்தான்.

அக்காவைச் சான்றிதழ் பிரிவுக்கு மாற்றினார்கள். மதிப்பெண்களை இனி ஒருவர் வாசிக்க ஒருவர் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது. கோடு மட்டும் அதே இடத்தில் இருந்தது. அதைத் தளர்த்தச் சொல்லி முதல்வர் இரண்டு கூட்டங்களில் பேசிப் பார்த்தார், எடுபடவில்லை.

தையல்காரர் மகள் முதல் வகுப்பில் தேறினாள். பையன் சுமாராகத்தான் படித்தான். ஒரு தாளில் தவறி, மறுபடி எழுதித் தேறினான். பட்டச் சான்றிதழ் வாங்க வந்தபோது, அக்கா அவன் பெயரை எழுத்தெழுத்தாக வாய்விட்டுப் படித்துக் காட்டினார்.

"சரியா இருக்காப்பா?"

"இருக்கு," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான். சான்றிதழை உறையில் போட்டுக்கொண்டு வெளியே போனான்.