சிரிக்காமலும் அழாமலும் ஓர் அட்டை

இப்போது படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் அட்டை தலையை நீட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளங்கை அகலத்தில் வட்டமாக இருக்கும். லேமினேஷன் ஓரம் பிரிந்து தூசி ஏறிவிட்டது. இரண்டு புள்ளிகள் கண்கள்; வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நேர்கோடு. இதன் கூடப்பிறந்தவை இரண்டு. பச்சை அட்டை சிரிக்கும், சிவப்பு அட்டை அழும். இது இரண்டையும் செய்யாமல் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். ஏழெட்டு வருடங்களாக எனக்கு இதுதான் பக்க அடையாளம். வீட்டில் என் மனைவி இதை என்னுடைய பாஸ்போர்ட் போட்டோ என்று சொல்வார். அதில் அநியாயம் ஒன்றும் இல்லை.

அட்டைகளை வெட்டியவர் ஒரு கள அலுவலர். சேந்தமங்கலத்தில், உரக்கடைக்கு மேல் மாடியில் இருந்த இளைஞர் மையத்தை அவர்தான் நடத்தினார். அப்போது அவருக்கு முப்பது வயது இருக்கலாம். துப்பட்டாவை இரண்டு தோளிலும் ஊசி குத்தி நிறுத்தியிருப்பார், ஸ்கூட்டரில் காற்றுக்குப் பறக்கக் கூடாது என்பதற்காக. மையத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு அவர் ‘அக்கா’. நான் ‘மேடம்’ என்பேன், அவர் என்னை ‘சார்’ என்பார். அந்த மரியாதைக்கு நான் என்ன செய்தேன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

மையம் தனியாக முளைத்ததல்ல. தூரத்து நாடுகள் இரண்டும் நம் நாடும் சேர்ந்து, இளைஞர்களுக்கான கொள்கைகளை இளைஞர்களையே கேட்டு வகுப்பது என்று ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தன. பெரிய நகரங்களில் மாநாடுகள் நடந்தன. ஒரு மாநாட்டில் இளைஞர் என்றால் யார் என்பதைப் பேசியே ஒன்றரை நாள் போனதாகக் கேள்வி. ஒரு நாட்டில் இருபத்தைந்தோடு இளமை முடிந்துவிடுகிறதாம். இன்னொரு நாட்டில் முப்பது. நம் ஊரில் பேரனுக்குக் காதுகுத்தியவர்களெல்லாம் இளைஞர் அணிப் பொறுப்பில் இருப்பதை யாரும் அந்தச் சபையில் எடுத்துச் சொல்லவில்லை போலிருக்கிறது. அத்தனை மாநாடுகளும் கடைசியில் வந்து இறங்கிய இடங்களில் ஒன்றுதான் அந்த உரக்கடை மாடி. நான்கு கணினிகள், ஒரு பலகை, முப்பது பிளாஸ்டிக் நாற்காலிகள், கீழேயிருந்து ஏறிவரும் யூரியா வாசம்.

கொல்லிமலை அடிவாரத்து ஊர்களிலிருந்து கல்லூரி முடித்தும் முடிக்காமலும் பெண்கள் வருவார்கள். பகலில் பலருக்குக் கோழிப்பண்ணையில் முட்டை அடுக்கும் வேலை. நான்கு மணிக்கு மேல் வந்து தேர்வுக்குப் படிப்பார்கள், விண்ணப்பம் நிரப்புவார்கள், அப்புறம் கொள்கைக்கு யோசனை சொல்வார்கள். மூன்று வருடங்களாக அவர்கள் சொன்ன யோசனை ஒன்றே ஒன்று. சாயங்காலம் ஏழு மணிக்கு அடிவாரத்துக்கு ஒரு டவுன் பஸ் வேண்டும். கடைசி பஸ் ஐந்தரைக்கே போய்விடுவதால் பாதிப் பாடத்தில் எழுந்து ஓட வேண்டியிருந்தது. இந்த யோசனை தமிழில் எழுதப்பட்டு, ஆங்கிலமாகி, வெளிநாடு போய், ‘நடமாட்ட உரிமை’ என்ற பெயரோடு ஒரு பிரகடனத்தில் ஏழாவது பத்தியாகத் திரும்பி வந்தது. கள அலுவலர் அந்தப் பிரகடனத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். அதன் கீழே நின்று பிள்ளைகள் மணி பார்த்துவிட்டு ஐந்தேகாலுக்கு ஓடுவார்கள்.

மூன்றாவது வருட முடிவில் இந்த ஒத்துழைப்பால் பலன் உண்டா என்று அளந்து பார்க்க வந்தவர்களில் நானும் ஒருவன். உள்ளூர் மதிப்பீட்டாளர் என்று பெயர். நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவனுக்கு இந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று கேட்காதீர்கள். அறிக்கை எழுதுகிறவர்களின் நகைச்சுவையோடு ஒப்பிட்டால் என்னுடையது ஒன்றுமேயில்லை என்பதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

பிள்ளைகள் கேள்விக்குக் கேள்வி ஓர் அட்டையைத் தூக்கிக் கருத்துச் சொல்ல வேண்டிய மதிப்பீட்டுக் கூட்டத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம், அட்டைகளை வெட்டி முடித்து மூன்று அடுக்காக மேசைமேல் வைத்துவிட்டுக் கள அலுவலர் எனக்கு டீ ஊற்றினார். பிள்ளைகள் பஸ்ஸுக்கு ஓடியிருந்தார்கள்.

“சார், ஒண்ணு கேட்டா தப்பா நெனச்சுக்க மாட்டீங்களே?”

“கேளுங்க மேடம்.”

“நாளைக்குப் புள்ளைங்க எந்த அட்டையைத் தூக்குனா மையம் நிக்குமுங்க?”

எனக்குப் பதில் தெரியும். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். எல்லாம் பச்சையாக இருந்தால், வந்த காரியம் முடிந்தது என்று கிளம்பிவிடுவார்கள். எல்லாம் சிவப்பாக இருந்தால், உருப்படாத இடம் என்று கிளம்பிவிடுவார்கள். மஞ்சள் நிறைய இருந்தால்தான், முன்னேற்றம் தெரிகிறது, இன்னும் காலம் வேண்டும் என்று எழுதி அடுத்த மூன்று வருடத்துக்கு நீட்டிப்பார்கள். ஒரே ஒரு சொல். டீயைக் கீழே வைக்காமலேயே சொல்லியிருக்கலாம். மஞ்சள் என்பது பொய்யும் அல்ல. மையம் நன்றாக நடந்தது, பஸ் வரவில்லை. இதற்கு மஞ்சளைத் தவிர வேறென்ன நிறம்?

நான் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன். “அத நான் சொல்லக் கூடாதுங்க மேடம். அவங்கவங்க மனசுல பட்டதத் தூக்கட்டும்” என்றேன். அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. சார்பின்மை என்றால் என்ன, அது ஏன் மதிப்பீட்டுக்கு உயிர் போன்றது என்று ஐந்து நிமிடம் வேறு பேசினேன். அவர் முழுதும் கேட்டார்.

“சரிங்க சார். சக்கரை போதுங்களா?” என்றார்.

மறுநாள் வந்த வெளிநாட்டு மதிப்பீட்டு அம்மையார் உண்மையிலேயே நல்லவர். சமத்துவத்துக்காக நாற்காலி வேண்டாம் என்று தரையில் உட்கார்ந்தார். அறுபது வயது முழங்கால். உட்காரவும் முடியவில்லை, எழவும் முடியவில்லை. பிள்ளைகளின் கவனம் முழுதும் அவர் முழங்காலிலேயே இருந்தது. ஒருத்தி ஓடிப்போய்த் தலையணை கொண்டுவந்தாள். இன்னொருத்தி இளநீர் வெட்டிக் கொடுத்தாள். கேள்விகள் தொடங்கும் முன்பே அவர்கள் மனதில் அவர் ஒரு திட்டத்தின் ஆள் என்பது போய், வீட்டுக்கு வந்த விருந்தாளி ஆகிவிட்டார்.

இங்கேதான் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். விருந்தாளி முகம் வாடி வாசல் தாண்டக் கூடாது. வீட்டுக்காரர் கேட்டு, விருந்தாளி குறை சொல்வதும் கிடையாது. என் மகள் காதுகுத்துக்குச் சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. பந்தி பந்தியாகக் கேட்டேன். ‘அருமைங்க’ என்றார்கள். தீய்ந்த வாடையடித்தது என்ற செய்தி மூன்று மாதம் கழித்து, மோகனூரில் ஒரு டீக்கடையில், என்னை யாரென்று தெரியாத ஒருவர் வாயால் எனக்கு வந்து சேர்ந்தது. இப்படிப்பட்ட ஊரில் மூன்று முகங்களை அச்சடித்துக் கொடுத்து, கேட்கிறவர் கண்ணுக்கு நேரே ஒன்றைத் தூக்கச் சொன்னால் என்ன நடக்கும்? கேள்வித்தாளை எத்தனையோ நிபுணர்கள் சரிபார்த்திருந்தார்கள். நானும் சரிபார்த்திருந்தேன். இந்த ஊரில் பிறந்தவன் அந்தப் பட்டியலில் நான் ஒருவன்தான்.

கடைசிக் கேள்வி: ‘நீங்கள் சொன்னது கேட்கப்பட்டதா?’ மொழிபெயர்ப்பும் என் பொறுப்புதான்; தமிழில் சொன்னேன். பச்சைகள் எழுந்தன. அடுக்கு அடுக்காக, மார்கழி நெல் வயல் மாதிரி. நடுவே ஒரே ஒரு சிவப்பு. பண்ணையில் முட்டை அடுக்குகிற பெண், எந்நேரமும் மணி பார்த்துக்கொண்டே இருப்பவள்.

பக்கத்தில் இருந்தவள் அவளை முழங்கையால் இடித்தாள். “ஏம்புள்ள, அந்தம்மா எத்தன தூரத்துல இருந்து வந்து, கால மடக்க முடியாம உக்காந்திருக்குது! அது மூஞ்சிக்கு நேரா இதக் காட்டறயே, உனக்கே நல்லாருக்குதா?”

அவள் அம்மையாரைப் பார்த்தாள், முழங்காலைப் பார்த்தாள், வெட்கத்தோடு அட்டையை மாற்றிக்கொண்டாள். கள அலுவலர் என்னைப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளர் கேள்வியையும் பதிலையும் மட்டுமே மொழிபெயர்க்க வேண்டும், பக்கப் பேச்சை அல்ல என்பது விதி. நான் விதியின் பக்கம் நின்றேன். அம்மையார் கண்கலங்கி, அந்தப் பசுமையைப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

டீ வேளையில் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். “பஸ் வந்துச்சா அம்மிணி?”

“எங்கீங்க வந்துச்சு?”

“அப்பறம் எதுக்குப் பச்ச?”

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “அதுக்குன்னு? நம்மூட்டுக்கு வந்தவங்களுங்க. அழுவாச்சி மூஞ்சியக் காட்டி அனுப்ப முடியுங்களா? பஸ்ஸுக்கு நாங்க கலெக்டராபீசுல போயி சண்ட கட்டிக்கறமுங்க. இவுங்க பாவம்.”

இதை நான் அறிக்கையில் எழுதாமல் இல்லை. பின்னிணைப்பில், பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில் எழுதினேன். மனசாட்சியைப் போட்டு வைக்கப் பின்னிணைப்பைப் போல வசதியான இடம் கிடையாது. அங்கே அது பத்திரமாக இருக்கும், யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். முன்பக்கத்தில் என்ன வந்ததோ அதுதான் நடந்தது. நோக்கங்கள் நிறைவேறின, ஒத்துழைப்பை இனிதே முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். நான்காவது மாதம் மாடி காலியானது. உரக்கடைக்காரர் அங்கே மூட்டை அடுக்கினார்.

நாற்காலிகளை வண்டியில் ஏற்றிய அன்று நானும் போயிருந்தேன். கள அலுவலர் பிரகடனத்தைச் சுவரிலிருந்து இறக்கி, பழைய செய்தித்தாளில் சுற்றினார். “இத யாருகிட்டங்க சார் ஒப்படைக்கறது?” என்று கேட்டார். படியில் கிடந்த மஞ்சள் அட்டை ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். கூட்டத்தில் யாரும் தொடாத அடுக்கு அது. அப்படியே புதுசாக இருந்தது.

அதன் பிறகும் இப்படிப் பல ஒத்துழைப்புகளை அளந்திருக்கிறேன். நாடுகள் மாறின, அட்டைகளின் நிறங்கள் மாறின, முன்பக்கத்து வாக்கியம் மட்டும் மாறவில்லை. கெட்டவர்கள் என்று யாரையும் சொல்ல முடியாததுதான் அலுப்பு. எல்லோரும் நல்லவர்கள். நல்லவர்கள் நல்லவர்களின் முகம் வாடாமல் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

கள அலுவலர் சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு பல் மருத்துவமனையின் முன்மேசையில் இருக்கிறார் என்று இரண்டு வருடங்களுக்கு முன்பே கேள்விப்பட்டேன். அது என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். ஆகவே என் பற்களை ஊரின் மறுகோடிக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். போன மாதம் கடைவாய்ப்பல் ஒன்று இந்த ஏற்பாட்டுக்கு ஒத்துழைக்க மறுத்துவிட்டது. கன்னம் வீங்கி, வேறு வழியில்லாமல் அஸ்தம்பட்டியிலேயே படியேறினேன்.

“வாங்க சார்! நல்லாருக்கீங்களா?” என்று எழுந்து நின்றார். ஊசிகள் இரண்டு தோளிலும் அப்படியே இருந்தன. காதோரம் கொஞ்சம் நரை. ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். மடியில் புத்தகம், அதற்குள் அட்டை. மருத்துவரிடம் காட்டிவிட்டுத் திரும்பி வரும்போது அவர் கண் அதில் பட்டது.

“இது நம்ம அட்டைதானுங்களே சார்?”

பாதி வாய் மரத்துப் போயிருந்தது. மீதிப் பாதியால் சொன்னேன். “அன்னிக்கு நீங்க கேட்டப்ப நான் மஞ்சள்னு சொல்லியிருக்கணும் மேடம்.”

“தெரியுமுங்க சார். நீங்க சொல்லாம அத்தன நேரம் பேசுனீங்கல்ல, அப்பவே பச்சையும் இல்ல, செவப்பும் இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. காலைல புள்ளைங்ககிட்ட சொன்னனுங்க. மஞ்சளத் தூக்குங்க, இல்லீன்னா மூடிருவாங்கன்னு. அக்கா சும்மா பயமுறுத்துதுன்னு சிரிச்சாங்க.” ரசீதைக் கிழித்து நீட்டினார். “சார் சொன்னாருன்னு சொல்லியிருந்தா கேட்டிருக்குமுங்க.”

இதைச் சொன்ன குரலில் ஒரு துளி குறை இல்லை. எங்கள் பக்கத்து மரியாதை முழுதும் அந்த ‘ங்க’வில் இருந்தது. அதனால்தான் தாங்க முடியவில்லை.

“பஸ்?” என்றேன்.

“எங்கீங்க? இப்ப இன்னொரு திட்டம் வந்திருக்குதாமுங்க. அட்டையெல்லாம் கெடயாதாம், ஃபோன்லயே மூஞ்சி வருதாம்.”

பேசிக்கொண்டே மேசைமேல் இருந்த கருவியை என் பக்கம் திருப்பினார். திரையில் மூன்று முகங்கள். ‘எங்கள் சேவை எப்படி இருந்தது?’ ஒன்றரை மணி நேரக் காத்திருப்பும், இரண்டு தடவை குத்திய ஊசியும் என் நினைவுக்கு வந்தன. நடுவில் இருந்த மஞ்சளின் மேல் என் விரல் நின்றது. ஏழெட்டு வருடம் தாமதமாக ஒரு நேர்மை.

“சார், பச்சயே அமுக்கிருங்க” என்றார் மெல்ல, உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு. “மஞ்ச வந்தா சாயங்காலம் என்னத்தான் கூப்புட்டுக் கேப்பாங்க.”

இந்தத் தடவை அவர் கேட்கவில்லை, சொன்னார். நான் பச்சையை அமுக்கினேன். முகம் ஒரு சுற்றுச் சுற்றிச் சிரித்தது. மஞ்சள் அட்டையைப் புத்தகத்துக்குள் தள்ளிக்கொண்டு, கன்னத்தைப் பிடித்தபடி படியிறங்கினேன்.