ஏழுமலையின் எடை

மண்டிக்குள் நுழைந்ததுமே மல்லாட்டைத் தூசி மூக்கில் ஏறும். நிலக்கடலையைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். மூட்டை நிறுக்கும் பெரிய தராசு. ஒரு தட்டில் இரண்டு இருபது கிலோ கல், ஒரு பத்து கிலோ கல். இன்னொரு தட்டில் சங்கிலியைப் பிடித்தபடி, தும்மிக்கொண்டே ஒரு பையன்...

எங்கள் கபடி டீமுக்கு அப்படித்தான் எடை பார்த்தோம். ஐம்பது கிலோவுக்குள் இருந்தால்தான் டோர்னமென்ட்டில் சேர்ப்பார்கள். மண்டிக்காரர் நல்ல மனுஷன், வேலை ஓய்ந்த நேரத்தில் தராசை எங்களுக்கு விட்டுவிடுவார்.

எண்பதுகளின் ஆரம்பம். திருவண்ணாமலையில் அப்பாவின் டிரங்குப் பெட்டிக் கடையில் நான் உட்கார்ந்ததைவிட மைதானத்தில் நின்றதுதான் ஜாஸ்தி. வயசு இருபத்திரண்டு. டீமுக்கு செகரட்டரி, மாஸ்டர், பனியன் துவைக்கிற ஆள் எல்லாம் நான்தான்.

இருப்பதிலேயே கஷ்டம் ஆள் பிடிப்பது. வீடு வீடாகப் போவேன். அப்பாக்களைச் சமாளித்துவிடலாம், அம்மாக்களிடம்தான் நம்ம பருப்பு வேகாது. பையன் காலை உடைத்துக்கொண்டு வந்தால் நீயா பார்ப்பாய் என்று கேட்பார்கள். அசட்டுத்தனமாகச் சிரித்துவிட்டு மறுநாளும் போவேன்.

ஏழுமலையை அடி அண்ணாமலை கிராமத்தில் பார்த்தேன். கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய கன்றுக்குட்டியைப் பாய்ந்து பின்னங்காலைப் பிடித்து நிறுத்தினான். அந்தப் பிடியைப் பார்த்ததும் சைக்கிளிலிருந்து இறங்கிவிட்டேன். பதினாறு வயசு. ஒல்லிதான், ஆனால் நல்ல வளர்த்தி.

அவன் அம்மாவிடம் நாலு தடவை நடந்தேன். கடைசியில் ஒத்துக்கொண்டார்.

"இந்த ஒரு ஆட்டந்தான் பாய். அடுத்த வாரம் அவன் மாமன் வந்து பெங்களூருக்கு இட்டுக்கினு போயிடுவான். பேக்கரில வேலை சொல்லி வச்சிருக்கான்."

சரி என்றேன். ஒரு ஆட்டம் ஜெயித்துவிட்டால் மனசு மாறாதா என்று ஒரு நப்பாசை.

டோர்னமென்ட்டுக்கு மூன்று நாள் இருக்கும்போது எடை பார்த்தால் அவன் தட்டு கொஞ்சம் இறங்கி நிற்கிறது. ராத்திரி சாப்பாட்டை விடுடா என்றேன். டோர்னமென்ட்டுக்கு முந்தின நாள் பார்த்தால் அப்போதும் இறங்கித்தான் இருந்தது. மொத்தமே ஏழு பேர்தான். அவன் இல்லையென்றால் பேரையே எடுக்க மாட்டார்கள்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. இரண்டு சட்டை, அதன் மேல் என் ஸ்வெட்டர், எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு மலையைச் சுற்றி ஓடிவிட்டு வா என்று அனுப்பினேன். சித்திரை மாசத்து வெயில், பதினாலு கிலோமீட்டர். வேர்த்துக் கொட்டினால் எடை தானாகக் குறைந்துவிடும் என்று கணக்கு.

சாயந்திரம் வந்தான். தராசில் ஏறினான். தட்டு முன்னைவிட இறங்கி, ஒரேயடியாக உட்கார்ந்துவிட்டது.

அன்றைக்குச் சித்ரா பௌர்ணமி. வழியெல்லாம் பந்தல். நீர்மோர், பானகம், புளியோதரை, சுண்டல்... ஒரு பந்தலையும் பையன் விடவில்லை.

"சாமி பேரைச் சொல்லிக் குடுக்கறாங்க. எப்படிண்ணா வேணாம்னு சொல்றது?"

மற்ற பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு ஆத்திரம். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன், அதே பந்தல்களில் மோர் வாங்கிக் குடித்தவன், எனக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா? அந்தக் கோபத்தையும் சேர்த்து அவன்மேல் காட்டினேன். நாக்கைக் கட்டத் தெரியாதவனுக்கு ஆட்டம் எதற்கு என்று கத்தினேன்.

அவன் ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து என் கையில் கொடுத்தான்.

"ராத்திரி சாப்பிடாதன்னீங்க. ராத்திரி மட்டுந்தாண்ணா எங்க வூட்ல அடுப்பு எரியும்."

சிரிப்பு நின்றுவிட்டது. என்னால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. அவ்வளவு வெட்கமாக இருந்தது. நாலு தடவை அந்த வீட்டு வாசலில் நின்றிருக்கிறேன், பையனின் பிடியைப் பார்த்தேனே தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

எங்கள் கேப்டன் ரஃபீக்தான் பேசினான். ஓபன் பிரிவில் பேர் கொடுத்துவிடலாம் என்றான். ஓபனில் எடைக் கணக்கு கிடையாது. வருகிறவர்கள் எல்லாம் மீசை வைத்த ஆட்கள். நசுக்கிவிடுவார்கள் என்றேன். பையன்கள் ஏழுமலையைப் பார்த்தார்கள், பரவாயில்லை என்றார்கள்.

நசுக்கித்தான் விட்டார்கள். ஸ்கோரைச் சொல்ல மாட்டேன், இத்தனை வருஷம் கழித்து எதற்கு அந்த அசிங்கம்? ஆனால் ஏழுமலை மட்டும் மூன்று பேரைக் கணுக்காலைப் பிடித்துச் சாய்த்தான். அதில் ஒருத்தர் அவனைப் போல இரண்டு மடங்கு. கூட்டம் விசில் அடித்தது.

அவனை வீட்டில் விடப் போனேன். அவன் அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். தோற்றுவிட்டோம் என்றேன். அது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"எத்தினி பேரைப் புடிச்சான்?"

"மூணு பேரும்மா. எல்லாம் பெரிய ஆளுங்க."

மகனை மேலும் கீழும் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான்.

"மாமன்கிட்ட நான் பேசிக்கறேன். இங்கியே எதுனா வேலை பாத்துக் குடு பாய்."

மறு வாரமே மண்டியில் வேலை கிடைத்தது. ஒன்பது வருஷம் எங்களுக்கு ஆடினான். அடி அண்ணாமலையில் அதன்பிறகு நான் எந்தக் கதவையும் தட்டவில்லை. பையன்கள் தாங்களாகவே வந்தார்கள்.

இப்போது டீமுக்கு மண்தரைக்குப் பதில் மேட் இருக்கிறது, கோச் இருக்கிறார், பெண் பிள்ளைகள் டீமும் இருக்கிறது. அம்மாக்களே ஸ்கூட்டியில் கொண்டுவந்து விடுகிறார்கள். பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. வாசல் வாசலாக அலைந்து திட்டு வாங்கிய நாட்கள் இல்லையே என்று சில சமயம் ஏக்கமும் வரும், என்ன செய்ய...

சேர்வதற்கு இப்போது ஃபார்ம் வைத்திருக்கிறார்கள். பேர், வயசு, எடை, பிளட் குரூப். அதன் கடைசியில் நான் பேனாவால் ஒரு வரி சேர்த்தேன்: 'இன்று சாப்பிட்டாயா?' கோச்சுக்குச் சிரிப்பு. பிள்ளைகள் எல்லாரும் 'ஆம்' என்றுதான் எழுதுகிறார்கள்.

நான் அதை நம்புவதில்லை. பக்கத்தில் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்து, இன்னொரு தடவை கேட்கிறேன்.