எனக்காக நிறுத்திய விசிறி

1. ஜக்கெட் மணம்

என் தம்பியின் மனைவி தவமலர் ஒரு மாதத்துக்கு மேல் என்னோடு கதைக்கவில்லை. ஒரு கலியாணத்துக்குப் பலகாரம் சுடுவதற்கு முதல் நாள் நான் அவளுடைய கராஜின் எரிவாயு ஹீட்டரை நிறுத்தி, சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றி என் வேலை வான் வண்டிக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டேன். கலியாண வேலை நடக்கிற இடத்தில் அப்படிச் செய்தவளோடு யார்தான் கதைப்பார்கள். ஆனாலும் அன்றைக்கு நடந்ததை, ஒஸ்லோவில் இந்தத் தொழிலுக்கு இப்போது படிக்கிற நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்களுடைய பாடப் புத்தகத்தில் இது இருக்காது.

ஓய்வு பெறும்வரை நான் எரிவாயு, காற்றோட்ட வேலை செய்தவள். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் துப்புரவு வேலை. பிறகு மொழி படித்து, தொழில் படித்து, சான்றிதழ் எடுத்தேன். எங்கள் ஆட்களுக்கு என் வேலை என்னவென்று கடைசிவரை விளங்கவில்லை. “ரஜனி ஏதோ பைப் வேலை” என்பார்கள். நானும் திருத்திச் சொல்லிக் களைத்து விட்டுவிட்டேன்.

தம்பி குகன் ஒஸ்லோவின் புருசெத் பகுதியில் அடுக்குமாடியில் இருந்துவிட்டு, பிள்ளைகள் வளர, அதற்கு மேலே சரிவில் ஒரு தனிவீடு வாங்கினான். வீட்டிலிருந்து தள்ளி, வளவின் மூலையில் தனியாக ஒரு கராஜ். முன்பிருந்தவர் அதற்குள் கார் திருத்துவதற்காக எரிவாயு ஹீட்டர் ஒன்று பூட்டியிருந்தார். பழைய வகை. எரிவதற்கு வேண்டிய காற்றை அறைக்குள்ளிருந்தே எடுக்கும். எரிந்த புகை அதன் தலையிலுள்ள தகரக் குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போகும். சிலிண்டர் வெளியே, கம்பிக் கூட்டுக்குள்.

தவம் அந்தக் கராஜைச் சமையலறை ஆக்கினாள். எல்லாவற்றுக்கும் காரணம் குளிர்கால ஜக்கெட்தான். வீட்டுக்குள் எண்ணெய்ச்சட்டி வைத்தால் மணம் ஜக்கெட்டில் ஏறும். ஏறினால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக மாட்டோம் என்று நிற்கும். பொரிக்கிற நாளில் ஜக்கெட்டுகளை அள்ளிக் காருக்குள் பூட்டி வைக்காத தமிழ் வீடு இந்த நகரத்தில் உண்டா தெரியவில்லை. ஆகவே கராஜில் மின்சார அடுப்புகள் வந்தன. மூடிப்போன ஓர் உணவகத்திலிருந்து காற்றை வெளியே தள்ளுகிற பெரிய இழுவிசிறி ஒன்று வாங்கிச் சுவரில் பூட்டினார்கள். சூட்டுக்கு அந்தப் பழைய ஹீட்டரே இருந்தது.

மாசி மாதம். தவத்தோடு சேர்ந்து சமைக்கிற மன்னார் ஜெசிந்தா அக்காவின் மகளுக்குத் தவக்காலம் தொடங்குமுன் கலியாணம். பலகாரம் சுடுவது இந்தக் கராஜில்தான் என்று முடிவாகியிருந்தது. மறுநாள் இரண்டு பகுதிச் சொந்தக்காரரும் குஞ்சு குருமான்களோடு வந்து காலையிலிருந்து பொழுதுபடும்வரை அதற்குள் இருக்கப் போகிறார்கள். குகன் என்னைக் கூப்பிட்டான்.

“அக்கா, அவ்வளவு சனம் வரப்போகுது. ஹீட்டரை ஒருக்காப் பாத்து, ஓம் எண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ.”

2. தேத்தண்ணி

மத்தியானம் போனேன். வானின் சத்தம் கேட்டதும் கராஜின் பெரிய கதவு மேலே ஏறியது. நான் இறங்கி நடந்து போவதற்குள் விசிறியை நிறுத்தி, அடுப்பைத் தணித்து, ஒரு கதிரையைத் துடைத்து வைத்துவிட்டாள் தவம்.

“வாங்கோ மச்சாள். ஜக்கெட்டைத் தாங்கோ, மணம் பிடிச்சிடும்.”

ஜக்கெட்டை வாங்கி வீட்டுக்குள் கொண்டுபோய்க் கொழுவிவிட்டு, இஞ்சி போட்ட தேத்தண்ணியோடு வந்தாள். நான் மீட்டரை எடுத்தேன். கார்பன் மோனாக்சைட் அளக்கிற கருவி. மணமும் நிறமும் இல்லாத நஞ்சு அது. நல்ல காற்றுக் கிடைக்காமல் நெருப்பு எரிந்தால் உண்டாகும். மீட்டர் பூச்சியம் காட்டியது. ஹீட்டரின் சுவாலை நல்ல நீலம். சாமிப்படத்தட்டிலிருந்து ஓர் ஊதுபத்தி வாங்கிக் கொளுத்தி, குழாய் தொடங்குகிற வாயருகே பிடித்தேன். புகை ஒழுங்காக மேலே ஏறிப்போனது.

“எல்லாம் சரிதானே மச்சாள்?”

சரி என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஹீட்டருக்கு மேலே சுவரில் ஒரு கலண்டர் தொங்கியது. தமிழ்க்கடையில் தந்த இந்த வருடக் கலண்டர். அதன் அடித்தாள்கள் ஈரத்தில் நெளிந்து, ஓரம் பழுப்பாகச் சுருண்டிருந்தன. தையில் மாட்டிய கலண்டர் மாசிக்குள் இப்படிப் பழசாகாது. குழாயால் மேலே போகவேண்டிய சூடும் ஈரமும் இந்தத் தாளில் அடித்திருக்கின்றன. நான் பார்க்கும்போது மேலே போகிற புகை, நான் பார்க்காத நேரம் அறைக்குள் வருகிறது.

மூன்று நாளாகத் தவத்தோடு முன்வேலையாகக் கொஞ்சம் சுட்டுக்கொண்டிருந்த ஜெசிந்தா அக்கா, முறுக்குச் சட்டியருகே தலையில் துவாய் ஒன்றை இறுக்கிக் கட்டியபடி நின்றார்.

“என்ன அக்கா, தலையிடியோ?”

“கலியாணத் தலையிடி பிள்ளை. மூண்டு நாளாக் கிடக்கு.”

“வீட்டை போனாலும் இருக்குதோ?”

“இல்லை. பஸ்ஸில ஏறக் குறைஞ்சிடும். இஞ்சை வரத்தான் திரும்பத் துவங்கும். ஆரின்ரை கண்ணூறு நாவூறோ தெரியேல்லை.”

இருவரும் சிரித்தார்கள். நான் கலண்டரைத் திரும்பவும் பார்த்தேன்.

“தவம், நான் வரமுன்னம் கதவு திறந்தோ கிடந்தது?”

“இந்தக் குளிருக்கோ?”

“விசிறி?”

“அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். நீங்கள் வந்தபடியால்தானே நிப்பாட்டினனான். அந்தச் சத்தத்தில மனிசரோட கதைக்கேலுமோ?”

தேத்தண்ணியைக் கீழே வைத்தேன். “நான் வரேல்லை எண்டு நினைச்சுக்கொண்டு எல்லாத்தையும் பழையபடி செய்யும். கதவைப் பூட்டும். விசிறியைப் போடும்.”

அவளுடைய முகம் மாறிவிட்டது. “வந்தவையை இருத்தி வைச்சுக்கொண்டு பொரிக்கச் சொல்லுறியள். சனம் கேட்டா என்ன நினைக்கும்?”

“நான் விருந்துக்கு வரேல்லைத் தவம். வேலைக்கு வந்தனான்.”

3. பாகு

கதவு இறங்கியது. விசிறி தொடங்கியது. அதற்குப் பிறகு கத்தித்தான் கதைக்க வேண்டியிருந்தது. ஜெசிந்தா அக்காவை வீட்டுக்குள் போய் இருக்கச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. முறுக்குச் சட்டி அவருடையது. அது ஹீட்டருக்குப் பக்கத்திலேயே இருந்தது. காற்றின் பத்து லட்சம் பங்கில் முப்பத்தைந்து பங்கு நஞ்சு என்று மீட்டர் காட்டினால் எல்லாவற்றையும் நிறுத்துவது என்று எனக்குள் தீர்மானித்துக்கொண்டு கதவின் பொத்தானுக்குப் பக்கத்தில் நின்றேன்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு எட்டு. கண்ணாடி யன்னலில் நீர் கோத்தது. இருபது. ஊதுபத்தியைத் திரும்பவும் குழாயின் வாயருகே பிடித்தேன். சற்றுமுன் மேலே ஏறிய புகை இப்போது வளைந்து என் முகத்துக்கு வந்தது. மீட்டர் கத்தத் தொடங்கியது.

“நிப்பாட்டும் தவம். காணும், போதும்.”

“அஞ்சு நிமிசம் மச்சாள். பாகு பதத்தில நிக்குது. இப்ப விட்டா அவ்வளவும் கல்லாப்போயிடும்.”

பயத்தம் பணியாரத்துக்குக் காய்ச்சுகிற பாகு. அவள் அகப்பையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் மீட்டரை ஜெசிந்தா அக்காவின் முகத்துக்குக் கிட்ட நீட்டினேன். அங்கே நூற்றைம்பது தாண்டியிருந்தது. காலையிலிருந்து அந்த மனுசி இதைத்தான் மூச்சாக இழுத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

“அக்கா, வெளியிலை வாங்கோ.”

அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னது விளங்காதவர்போலப் பார்த்தார். பிறகு கண்ணகப்பையைக் கையில் பிடித்தபடியே எண்ணெய்ச்சட்டியின் பக்கமாகச் சரிந்தார்.

நான் பாய்ந்து அவருடைய இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்தேன். அகப்பை எண்ணெய்க்குள் விழுந்து தெறித்தது. என் முன்கையில் சுட்டது அப்போது தெரியவில்லை. தவம் பாகுச் சட்டியைத் தூக்கி இறக்கப் போனாள்.

“பாகை விடும். இவவின்ரை காலைப் பிடியும்.”

வாழ்க்கையில் அவளிடம் அப்படி நான் கத்தியதில்லை. பிடித்தாள். கதவின் பொத்தானை அடித்து, இருவருமாக அவரைத் தூக்கி வெளியே பனிக்குள் கொண்டுபோய் இருத்தினோம். ஜக்கெட்டுகள் எல்லாம் வீட்டுக்குள் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்ப ஓடி அடுப்புகளையும் விசிறியையும் நிறுத்திவிட்டு, வெளியே வந்து சிலிண்டரின் வாயை மூடி ரெகுலேட்டரைக் கழற்றினேன். வந்து பார்த்தால் ஜெசிந்தா அக்கா குனிந்து பனியில் சத்தி எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. அவர் கண்ணைத் திறந்து, “என்ரை முறுக்குக் கருகப்போகுது” என்றார்.

அம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் கொடுத்து, இரத்தம் சோதித்து, நஞ்சு என்று உறுதியாகச் சொன்னார்கள். அறைக்குள் வேறு யார் இருந்தது என்று டொக்டர் கேட்டார். தவமும் கை நீட்டி இரத்தம் கொடுத்தாள். அவளுடைய இரத்தத்திலும் இருந்தது.

காரணம் மிகச் சாதாரணம். விசிறி காற்றை வெளியே தள்ளுகிறது. தள்ளிய அளவுக்கு வேறு காற்று உள்ளே வரவேண்டும். அதற்கென்று சுவரின் அடியில் ஒரு துவாரம் இருந்தது. காலுக்குக் குளிர் வெட்டுகிறது என்று தவம் அதற்குள் வெற்று அரிசிச் சாக்கை அடைத்து, முன்னால் மா வாளியை வைத்திருந்தாள். வேறு வழியில்லாமல் காற்று புகைக்குழாயால் இறங்கியது. புகையையும் கூட்டிக்கொண்டு இறங்கியது. யாராவது வந்தால் கதவு திறக்கும், விசிறி நிற்கும், குழாய் ஒழுங்காக இழுக்கும். வந்தவர் நல்ல காற்றில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்.

4. பிறகு

மறுநாள் பலகாரம் வீட்டுக்குள்தான் சுட்டார்கள். வந்த சனம் முழுவதும் ஜக்கெட்டைக் காருக்குள் விட்டுவிட்டு நடுங்கிக்கொண்டு ஓடி வந்தது. கலியாணமும் நடந்தது. ஜெசிந்தா அக்கா முன்வரிசையில் இருந்தார். ஆனால் “தவத்தின்ரை கராஜில நஞ்சாம்” என்று கதை பரவிவிட்டது. சாப்பாட்டில் நஞ்சு என்று அதை மாற்றிச் சொன்னவர்களும் உண்டு. அந்த மானக்கேட்டுக்கு நான்தான் காரணம் என்று அவள் நினைத்தாள். எனக்கும் கவலைதான். ஆனால் ரெகுலேட்டரைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

சாக்கை எடுத்துவிட்டால் போதும் என்று குகன் சொன்னான். போதாது. அவ்வளவு பெரிய விசிறி ஓடுகிற அறையில் அந்த வகை ஹீட்டர் இருக்கவே கூடாது. முழுவதும் மூடிய வகை ஒன்றை நானே பூட்டினேன். சுவரைத் துளைத்துப் போகிற ஒரே குழாயில் உள்வளையத்தால் புகை வெளியேறும், வெளிவளையத்தால் எரிவதற்கான காற்று வெளியிலிருந்து வரும். அறைக்காற்றுக்கும் நெருப்புக்கும் தொடர்பில்லை. பனி குவிந்தாலும் மூடாத உயரத்தில், யன்னலிலிருந்தும் விசிறியிலிருந்தும் தள்ளி வைத்தேன். விசிறிக்குச் சாக்கு வைத்து அடைக்க முடியாத உயரத்தில் தனிக் காற்றுவழி வெட்டினேன். நஞ்சு இருந்தால் கத்துகிற அலாரமும் ஒன்று மாட்டினேன். வேலை முடியும்வரை தவம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். எங்கள் ஆட்களின் வீட்டுக்குச் சோதனைக்குப் போனால் உங்களுக்காக வீட்டையே மாற்றி வைத்திருப்பார்கள். அன்பினால்தான் செய்வார்கள். நீங்கள் சோதிக்க வேண்டியது நீங்கள் இல்லாத நேரத்து வீட்டை. எல்லாரையும் வெளியே விட்டுவிட்டுச் சோதியுங்கள், ஒருவர்கூட அடுப்படியில் நிற்க வேண்டாம். தேத்தண்ணி அதற்குப் பிறகு.

பனி கரையத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை தவம் கூப்பிட்டாள். “மீட்டரைக் கொண்டு வாங்கோ” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

போனேன். பெரிய கதவு இறங்கியே கிடந்தது. பக்கக் கதவைத் தள்ளி உள்ளே போனால் விசிறி இரைகிறது, எண்ணெய் கொதிக்கிறது, ஜெசிந்தா அக்கா முறுக்குப் பிழிகிறார். யாரும் எழும்பவில்லை. கதிரை துடைக்கவில்லை. என் ஜக்கெட்டை யாரும் கேட்கவில்லை. தவம் அகப்பையிலிருந்து கண்ணை எடுக்காமல் கத்தினாள்.

“ஒண்டையும் நிப்பாட்டேல்லை மச்சாள். அப்பிடியே சோதியுங்கோ.”

புது ஹீட்டரும் அலாரமும் இருந்தபடியால் அவர்களை வெளியே அனுப்பாமல், மூலை மூலையாக நின்று நீண்ட நேரம் பார்த்தேன். பூச்சியம். வீட்டுக்கு வந்தபோது என் ஜக்கெட் முழுக்கப் பொரித்த எண்ணெய் மணம். அதைக் காருக்குள் விடவில்லை. வாசலிலேயே கொழுவினேன். சந்தோசமாக இருந்தது.