ஈரக் கைக்காரி

படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டதும் என் தங்கை மேஜை மேல் இருக்கும் டம்ளருக்குள் வலது கை விரல்களை விட்டு நனைத்துக்கொள்வாள். அந்தத் தண்ணீர் குடிப்பதற்கு அல்ல. குடிக்கிற தண்ணீர் பாட்டிலில் தனியாக இருக்கிறது. வருகிற ஆள் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்து, "யாருங்க இப்படி எழுதி வெச்சது?" என்று ஆரம்பிக்கும்போது அவள் சொட்டுகிற கையைத் தூக்கிக் காட்டுவாள்.

"அடடா, தப்பா இருக்கா? கை ஈரமா இருக்கே. நீங்களே மாத்திடுங்களேன்."

கணினித் திரையை அவர் பக்கம் திருப்பிவிட்டு நாற்காலியை விட்டு எழுந்துவிடுவாள். அவர் உட்காருவார். அப்படி உட்கார்ந்த யாரும் ஒரு சொல்லை மட்டும் மாற்றிவிட்டு எழுந்ததை நான் பார்த்ததில்லை.

லிஃப்ட் பராமரிக்கிற ஒரு நிறுவனத்தில் புகார் மேஜை அவளுடையது. நடுவில் நின்றுவிட்டது, கதவு மூடவில்லை, கேட்காத மாடியிலெல்லாம் நிற்கிறது என்று ஊரில் பாதிப் பேர் அவளிடம்தான் முறையிடுவார்கள். அதைக் கேட்டு மெக்கானிக்குகளை அனுப்புவது அவள் வேலை. போன மெக்கானிக் அங்கிருந்து அவளைத்தான் திரும்பக் கூப்பிடுவார். "அக்கா, மிஷின் ரூம் சாவி எங்க?" "அக்கா, போன தடவை இங்க என்ன மாத்தினாங்க?" எங்கள் அப்பாவுக்கு அறுவை சிகிச்சை நடந்த அன்று, ஆபரேஷன் அறை வாசலில் நின்றுகொண்டு, "மெயின் ஸ்விட்ச் மாடிப்படிக்கு அடியில, பழைய பெட்டிக்குப் பின்னாடி. கையை விட்டுத் தடவிப் பாரு" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற நர்ஸ் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் சொன்னாள். "அண்ணா, எனக்குத் தெரிஞ்சதெல்லாம் என் தலைக்கு வெளியிலயும் இருக்கணும். இல்லாட்டி நான் செத்தாலும் விடமாட்டாங்க, போன் பண்ணிச் சாவியைக் கேப்பாங்க."

அப்படித்தான் அவள் விக்கி என்கிற மென்பொருளைப் பிடித்தாள். நான் படங்களுக்குச் சட்டம் போடுகிறவன், எட்டாம் வகுப்போடு நின்றவன். எனக்கு அவள் புரியவைத்தது இது: "நீ சட்டத்துக்குப் பின்னாடி அட்டை வெச்சு ஆணி அடிச்சு மூடிடுவ இல்ல? இது பின்பக்கம் மூடாத சட்டம். யாரு வேணாலும் திறந்து, உள்ள இருக்கறதைத் திருத்தி வைக்கலாம். யாரு திருத்தினாங்கன்னு பேர் இருக்கும். பழசும் அழியாம பின்னாலயே இருக்கும்." அந்த மென்பொருளே கூட அந்த மாதிரிதானாம். எந்தெந்த ஊரிலோ இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதியது. காசு கிடையாது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், தன் தேவைக்கு மாற்றிக்கொள்ளலாம். அலுவலகத்தில் ஜெராக்ஸ் இயந்திரத்துக்கு அடியில், பழைய இரும்புக்குப் போட வைத்திருந்த கணினி ஒன்றைக் கேட்டு வாங்கி, செய்முறையைப் படித்துப் படித்து அவளே அதில் ஏற்றினாள். சிக்கியபோதெல்லாம் இணையத்தில் கேட்டாள். முகம் தெரியாதவர்கள் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். கட்டடத்துக்கு ஒரு பக்கம் என்று வைத்து, தெரிந்ததையெல்லாம் எழுதினாள்.

அவள் மட்டும்தான் எழுதினாள். மெக்கானிக்குகளைக் கூட்டி வைத்து டீயும் பிஸ்கட்டும் கொடுத்து எப்படி எழுதுவது என்று காட்டினாள். பிஸ்கட் காலியானது. "எழுத்து வேலையெல்லாம் எங்களுக்கு எதுக்கு அக்கா? நீங்க சொன்னா போதாதா?" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மறுநாளும் போன் வந்தது. சாவி எங்கே என்றுதான்.

முதலாளி கெட்டவர் இல்லை. ஆனாலும் அவருக்குப் பொறுமை போய்விட்டது. "நீ ஒருத்தி எழுதி நீ ஒருத்தி படிக்கறதுக்கு இது எதுக்கும்மா? ஒரு கம்பெனிக்காரங்க நல்ல மென்பொருள் வெச்சிருக்காங்க. மேல இருக்கறவங்க எழுதுவாங்க, மத்தவங்க படிப்பாங்க. மாசக் கடைசில வரச் சொல்லியிருக்கேன். கையெழுத்துப் போட்டதும் உன் டப்பாவை மூடிடலாம்." அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். அந்த வாரம் முழுக்க என் கடைக்கு வந்து கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் அழுவதற்கு அதுதான் இன்னொரு வழி.

வழி கிடைத்தது ஒரு தப்பில். ஒரு கிடங்குக் கட்டடத்தில் சாவி கதவுக்கு இடது பக்கம் தொங்கும் என்று அவள் எழுதிவிட்டாள். மெக்கானிக்குகளில் மீசைக்காரர் என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒருவர் கிரீஸ் கையோடு வந்து நின்றார். "எந்தப் புத்திசாலி எழுதினது? வலது பக்கம்." டம்ளரைக் கழுவிக்கொண்டு வந்த என் தங்கைக்கு உண்மையாகவே கை ஈரம். "நீங்களே மாத்திடுங்க" என்றாள். அவர் ஒற்றை விரலால் தேடித் தேடி 'வலது' என்று அடித்தார். சும்மா இராமல், 'உள்ளே புறா இருக்கும், முகத்துக்கு நேரா வரும், குனிந்து போகவும்' என்றும் சேர்த்தார். தன் பெயரைக் கொடுத்து நுழைந்திருந்ததால், அடியில் அவர் பெயர் தானாக வந்து நின்றது. மறுநாள் காலையில் முதல் வேலையாக அவளிடம் வந்து, "இன்னும் இருக்கா அது?" என்று கேட்டார்.

"அண்ணா, இவங்களை எழுதச் சொன்னா எழுத மாட்டாங்க. தப்பா எழுதி வெச்சா தூங்க மாட்டாங்க" என்றாள் என்னிடம்.

அன்றிலிருந்து வேண்டுமென்றே தப்பு வைக்க ஆரம்பித்தாள். நீலக் கதவைப் பச்சை என்பாள். வாசல் தெற்கே இருந்தால் வடக்கு என்பாள். ஒரு கட்டடத்தின் காவலாளியைச் 'சுறுசுறுப்பானவர்' என்று எழுதினாள். சாயங்காலத்துக்குள் ஒருவர் திருத்திவிட்டார்: 'மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் இடி விழுந்தாலும் எழுந்திரிக்க மாட்டார். பக்கத்துச் செருப்புக் கடையில் இன்னொரு சாவி இருக்கிறது, அங்கே கேட்கவும்.' இரண்டாவது சாவி இருப்பதே அதுவரை அவளுக்குத் தெரியாது.

எனக்கு இது ஒப்பவில்லை. நூலளவு சாய்ந்திருந்தாலும் சட்டத்தைக் கழற்றி மறுபடி அடிக்கிற ஆள் நான். "தெரிஞ்சே தப்பா எழுதறது எந்த ஊரு நியாயம்? லிஃப்ட்டு விஷயம், உயிர் போற காரியம்" என்றேன். அவளுக்கு அதில் கணக்குச் சுத்தம். பிரேக், கயிறு, கரண்ட் இந்த மூன்றிலும் ஒரு எழுத்துகூடத் தவறாக எழுத மாட்டாள், இரண்டு பேரிடம் கேட்டுச் சரிபார்த்துத்தான் ஏற்றுவாள். யாரும் கவனிக்காத தப்பை வாரக் கடைசியில் அவளே திருத்திவிடுவாள். இதையெல்லாம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "உன்கிட்ட கத்துக்கிட்டதுதானே?"

உண்மைதான். சின்ன வயதில் என்னை அறைக்குள் வரவழைக்க வேண்டுமென்றால் அவள் கூப்பிட மாட்டாள். சுவரில் இருக்கிற படத்தைக் கொஞ்சம் சாய்த்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்வாள். நான் எங்கே இருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். எழுந்து வந்து நிமிர்த்துவேன். "வந்ததுதான் வந்த, இந்தக் கணக்கைச் சொல்லிக் குடு" என்பாள்.

அவள் வீட்டிலும் இதே கதைதான். மாப்பிள்ளை ஒரு துரும்பை எடுத்துப் போட மாட்டார். கொஞ்ச நாளைக்கு முன்னால் என்னிடம் வந்து வருத்தமாகச் சொன்னார்: "மச்சான், உங்க தங்கச்சிக்கு எல்லாம் தெரியுது, சட்டை மடிக்க மட்டும் தெரியலை. கசங்கிப் போகுது. இப்ப எல்லாத் துணியும் நான்தான் மடிக்கிறேன்." எங்கள் அம்மா அவளுக்கு மடிக்கக் கற்றுக்கொடுத்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். அவள் மடிப்பில் துணிக்கடைக்காரர் தோற்றார். மாப்பிள்ளையிடம் நான் அதைச் சொல்லவில்லை.

அலுவலகத்தில் நிலைமை சூடுபிடித்தது. மீசைக்காரருக்கும் நெட்டையர் என்கிற இன்னொரு மெக்கானிக்குக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஏதோ ஒரு ஸ்பானர் தொலைந்த தகராறு. இருவரும் ஒரே அறையில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். 'அவன்கிட்ட சொல்லுங்க' என்று என் தங்கை வழியாகத்தான் எல்லாம் போகும். ஒரு துணிக்கடை லிஃப்ட்டின் கதவு அடிக்கடி மூடாமல் நின்றது. கீழே கதவு ஓடுகிற பள்ளத்தில் தூசி, துடைத்தால் போதும் என்று மீசைக்காரர் எழுதினார். நெட்டையர் அதை அழித்துவிட்டு, மேலே உருளை தேய்ந்திருக்கிறது, மாற்ற வேண்டும் என்று எழுதினார். மறுபடி பள்ளம். மறுபடி உருளை. 'உருளைன்னு எழுதினவர் கொஞ்சம் குனிந்து பார்க்கவும்.' 'குனிந்தே பழகியவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து பார்க்கவும்.' கடைசியில் ஒரு நாள் அந்தப் பக்கம் இப்படி நின்றது: 'காலையில் மூடாவிட்டால் பள்ளத்தைத் துடைக்கவும், கடை கூட்டுகிற குப்பை அங்கேதான் சேரும். சாயங்காலம் மூடாவிட்டால் உருளையைப் பார்க்கவும்.' இரண்டு பெயரும் அடியில். நேரில் அப்போதும் பேச்சில்லை.

மாசக் கடைசி வந்தது. அன்று நானும் அங்கே இருந்தேன். கூட்ட அறையில் நிறுவனத்தின் பாதுகாப்புச் சான்றிதழ்களைச் சட்டம் போட்டு மாட்டுகிற வேலை. ஸ்டூல் மேல், சாய்வைக் குமிழியால் காட்டுகிற ரசமட்டத்தோடு நின்றிருந்தேன். கீழே மேஜையைச் சுற்றி முதலாளி, மென்பொருள் விற்க வந்தவர், மீசைக்காரர், நெட்டையர், ஓரத்தில் என் தங்கை. ஒப்பந்தக் கோப்பு முதலாளி முன்னால் திறந்திருந்தது. பேனா மூடி கழன்றிருந்தது.

"மூடறதுக்கு முன்னால ஒரு தடவை பாத்துடறேன்" என்று முதலாளி விக்கியைத் திறக்கச் சொன்னார். நிறுவனத்தின் கதை என்று ஒரு பக்கம். மேலோட்டமாகப் படித்துக்கொண்டே வந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்பா மாட்டின முதல் லிஃப்ட் சந்தைக் கட்டடத்துலன்னு போட்டிருக்கே. யாரும்மா சொன்னது?"

"தப்பா சார்?"

"அச்சாபீஸ் கட்டடம். நான்தான் பக்கத்துல நின்னு டார்ச் பிடிச்சேன். எனக்குப் பல்லு விழுந்து முளைச்ச வயசு."

விற்க வந்தவர் முகம் மலர்ந்தது. "இதைத்தான் சார் நான் சொன்னேன். யாரு வேணாலும் எழுதலாம்னு விட்டா இப்படித்தான் ஆகும்."

எல்லோரும் என் தங்கையைப் பார்த்தார்கள். அவள் மெதுவாகக் கையை நீட்டினாள். கிட்டத்தில் இருந்தது விற்பனையாளருக்கு வைத்த தண்ணீர். அதிலேயே விரல்களை விட்டு எடுத்தாள்.

"கை ஈரமா இருக்கு சார். நீங்களே மாத்திடுங்களேன்."

முதலாளி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். 'அச்சாபீஸ்' என்று அடித்தார். பிறகு ஒரு வரி: அச்சாபீஸ்காரர் ஏறப் பயந்து, முதலில் காகித மூட்டைகளை மட்டும் தனியாக மேலே அனுப்பிப் பார்த்தாராம். சிரித்துக்கொண்டே இன்னொரு வரி: கதவு இன்னும் அதே கதவுதான், இடது கையால் இழுத்துத்தான் மூட வேண்டும்.

"இடது இல்ல சார், வலது" என்றார் மீசைக்காரர்.

"உனக்கு என்னய்யா தெரியும்? நான் டார்ச் பிடிச்சவன்."

"வலதுதான் சார்" என்றார் மேஜையின் மறுமூலையில் இருந்த நெட்டையர். "அவர் சொல்றது சரி."

மீசைக்காரர் திரும்பி அவரைப் பார்த்தார். முதலாளி தன் இரண்டு கைகளையும் காற்றில் இழுத்துப் பார்த்துக்கொண்டார். பிறகு 'இடது' என்பதை அழித்தார். விற்பனையாளரிடம் கேட்டார்: "உங்க மென்பொருள்ல இவங்க ரெண்டு பேரும் என்னைத் திருத்த முடியுமா?"

"அந்த மாதிரி சங்கடமே உங்களுக்கு வராது சார். மேலதிகாரி மட்டும்தான் எழுத முடியும்."

முதலாளி ஒப்பந்தக் கோப்பை மூடி அவர் பக்கம் தள்ளினார். "டீ குடிச்சிட்டுப் போங்க" என்றார். அவருடைய கண் திரையில்தான் இருந்தது. அடுத்த வரியை அடித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன், இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். ஜெராக்ஸ் இயந்திரத்துக்கு அடியிலிருந்த கணினிக்குப் பதில் புதியது வந்துவிட்டது, அதற்கென்று குளிரூட்டிய ஒரு மூலையும். என் தங்கை சாவி பற்றிய போன் வந்து வெகுநாள் ஆகிறது என்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை என் கடைக்கு வந்தவள் பையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்து, செத்துவிட்டதா என்று சோதித்தாள். "முதலாளிக்கு வெச்ச பொறி பிரமாதம்" என்றேன். "அது ஒண்ணு மட்டும் நிஜமாவே தெரியாம எழுதினது அண்ணா" என்றாள். நான் நம்பவில்லை.

முதலாளி திருத்திய அந்தப் பக்கத்தை, யார் எப்போது எதை மாற்றினார்கள் என்கிற பட்டியலோடு அச்செடுத்து, சட்டம் போட்டு மாட்டச் சொன்னார்கள். தேக்கில் செய்தேன். பின்பக்கம் ஆணி அடிக்கவில்லை, கொக்கி வைத்தேன். மெக்கானிக்குகள் சாப்பாட்டுக்கு வந்து போகும் நடைவழியில் மாட்டினேன். ரசமட்டத்தை மேலே வைத்துப் பார்த்தேன். குமிழி நட்டநடுவில் அசையாமல் நின்றது. திருப்தியோடு ஸ்டூலை விட்டு இறங்கி, தூசியைப் பெருக்கினேன்.

படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டது. புகார் மேஜையிலிருந்து என் தங்கை எழுந்து வந்தாள். படத்தை நிதானமாகப் பார்த்தாள். பிறகு ஈர விரலால் அதன் வலது மூலையைக் கொஞ்சமே கொஞ்சம் கீழே தள்ளிவிட்டு, போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.