ஐம்பத்திரண்டு கிலோ அண்ணி

என் அண்ணியின் எடை ஏழு வருஷமாக ஐம்பத்திரண்டு கிலோ. விருந்து சாப்பிட்டாலும் அதேதான், காய்ச்சலில் கிடந்தாலும் அதேதான். நாங்கள் பிழைப்பதே எடையை வைத்துத்தான் என்பதால் இதை அடித்துச் சொல்ல முடிகிறது. எடை மெஷின் பழுது பார்க்கும் பட்டறை எங்களுடையது. அதாவது முதலாளியுடையது. அண்ணன் அங்கே மெக்கானிக், அண்ணி முள் சரிபார்ப்பவள், நான் வாசல் மேஜையில் ரசீது எழுதுகிறவள்.

மெஷினைச் சோதிக்க முத்திரை குத்திய எடைக்கற்கள் இருக்க வேண்டும். இருந்தன. தூக்கித் தூக்கி முதலாளிக்கு முதுகு பிடித்துக்கொண்டதும் ஒருநாள் அண்ணியை ஏறி நிற்கச் சொன்னார். ஐம்பத்திரண்டு. அடுத்த மெஷினிலும் ஐம்பத்திரண்டு. அவ்வளவுதான், எடைக்கற்கள் அலமாரிக்கு அடியில் போய்விட்டன. அன்றிலிருந்து எந்த மெஷின் வந்தாலும் அண்ணி ஏறுவாள். முள் ஐம்பத்திரண்டில் நிற்கவில்லையென்றால் தப்பு மெஷின் மேல். அண்ணன் திருகைத் திருப்பி முள்ளை அங்கே கொண்டுவருவான், நான் சரிபார்த்தாயிற்று என்று சீட்டு ஒட்டுவேன்.

எட்டாம் வருஷம் அண்ணி முழுகாமல் இருந்தாள். அண்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆறாவது வாரம் வாந்தி ஆரம்பித்தது. காலையில்தான் வரும் என்பார்கள், இவளுக்கு நேரம் காலமே கிடையாது. சோற்றைப் பார்த்தால் வாந்தி, சோப்பு வாசனைக்கு வாந்தி, மெஷின் எண்ணெய்க்கு வாந்தி, அண்ணன் பக்கத்தில் வந்தால் வாந்தி. ஒரு மிடறு தண்ணீர் உள்ளே போனால் இரண்டு மிடறாகத் திரும்பி வந்தது. மசக்கை என்றால் அப்படித்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை, ஆனாலும் சொன்னேன்.

எடை குறைகிறதா பார் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். எங்களிடமே சொல்கிறாளே என்று சிரித்துக்கொண்டு அண்ணியை ஏற்றி நிறுத்தினோம். முள் ஐம்பதில் நின்றது. மெஷின் இழுக்கிறது என்றார் முதலாளி. அண்ணன் திருகைத் திருப்பினான், ஐம்பத்திரண்டு வந்தது, எல்லாருக்கும் நிம்மதி. அடுத்த ஐந்து வாரமும் வந்த மெஷின் எல்லாம் குறைத்தே காட்டின. இப்போது வருகிற ஸ்பிரிங் எதுவும் உருப்படியில்லை என்று முதலாளி அலுத்துக்கொண்டார்.

ஊரில் நடந்ததைக் கேளுங்கள். கிலோவுக்கு நூறு கிராம் மிச்சம் பிடித்த மளிகைக்காரர்கள் முதலாளியைக் கண்டால் எழுந்து நின்றார்கள், இல்லாத நூறு கிராமுக்கும் காசு கொடுத்த பழைய பேப்பர் வாங்குகிறவர் சண்டைக்கு வந்தார். எங்களிடம் மெஷின் சரிபார்த்த ஜிம்மில் எல்லாரும் குண்டாகிவிட்டார்கள். தெருவில் காலையும் மாலையும் ஓட்டமும் நடையுமாக ஒரே கூட்டம். பாவாடை இடுப்பில் நிற்கவில்லை என்று அண்ணி சொன்னாள். நாடா பழசாகியிருக்கும் என்றான் அண்ணன். கடைக்கு ஓடிப்போய்ப் புது நாடா வாங்கி வந்த புத்திசாலி நான்தான்.

பத்தாவது வாரம் டாக்டரம்மாவின் கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். அந்த மெஷினையும் முந்தின வாரம்தான் அண்ணன் சரிசெய்து கொடுத்திருந்தான். நர்ஸ் ஏற்றிப் பார்த்து, எடை குறையவில்லை என்று எழுதினாள். அந்தச் சீட்டைப் பார்த்தே சாதாரண மசக்கை என்று உள்ளேயிருந்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மாத்திரையும் வெளியே வந்தது.

மறுவாரம் வாந்தி குறைந்தது. தேறிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டோம். வெளியே வர வயிற்றில் எதுவும் மிச்சமில்லை என்பது எந்த மண்டைக்கும் உறைக்கவில்லை. நாளுக்கு ஒரு தடவைதான் சிறுநீர் போனாள். மூச்சில் அழுகின பழ வாசனை அடித்தது. நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று அரிசி மண்டி மெஷினைச் சோதித்துக்கொண்டிருந்தோம். அண்ணி மேலே நின்று குனிந்து பார்த்துவிட்டு, "ரெண்டு முள் தெரியுது" என்றாள். முதலாளி கண்ணாடியைத் துடைத்தார். அண்ணன் மூடியைக் கழற்றி உள்ளே ஒரு முள்தான் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தான். நான் ரசீதில் 'முள் கோளாறு' என்று எழுதினேன்.

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். ஒரு மாதமாக அரைவயிறு சாப்பிட்டு இளைக்கப் பாடுபட்டவர், தன் கிளினிக் மெஷினில் ஏறியிருக்கிறார். எழுபது இருந்த இடத்தில் எழுபத்தாறு. முதலாளியை உண்டு இல்லை என்று ஆக்கத்தான் வந்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிறமாதிரி நாலு கேள்வி கேட்டார். முதலாளி அசரவில்லை. எங்கள் மெஷின் பொய் சொல்லாது என்று அண்ணியைக் காட்டினார்.

டாக்டரம்மா அப்போதுதான் அவளைப் பார்த்தார். கிட்டே போய் இமையைத் தூக்கினார், நாடி பிடித்தார். அண்ணியின் கண்மணி நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. "இவளா ஐம்பத்திரண்டு?" என்றார். அதே ஆட்டோவில் அண்ணியை ஏற்றினோம்.

பெரிய ஆஸ்பத்திரியில் நாற்பத்தைந்து காட்டியது. அந்த மெஷின் எங்களிடம் வந்ததில்லை. சாப்பாடு இல்லாமல் உடம்பு தன் கொழுப்பையே எரித்துக்கொண்டிருக்கிறது, அப்படி எரிந்தால் வரும் கீட்டோன் சிறுநீரில் நிறைய இருக்கிறது, பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு தாறுமாறாக இருக்கிறது என்று கூடவே வந்திருந்த டாக்டரம்மா ஒவ்வொன்றாகச் சொன்னார். நர்ஸ் குளுக்கோஸ் பாட்டிலோடு வர, அதைக் கையாலேயே தடுத்தார். "முதல்ல பி ஒன் வைட்டமின் ஊசி. அதுக்கு முன்னாடி சர்க்கரை ஏறினா மூளைக்கு ஆபத்து. ஏற்கெனவே கண்ணுல தெரியுது" என்றார். பிழைப்பது தாயா பிள்ளையா என்று இரண்டு நாள் போனால்தான் சொல்ல முடியும் என்றும் சொன்னார். அண்ணன் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டான்.

மூன்றாம் நாள் அண்ணி, இரண்டிரண்டாக இல்லாமல் ஒரே முகமாகத் தெரிகிறது என்றாள். ஐந்தாம் நாள் அரை ரஸ்க் தின்றாள். அது வெளியே வருமா என்று நாங்கள் ஒரு மணி நேரம் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். வரவில்லை. ஸ்கேனில் பிள்ளையின் துடிப்பும் கேட்டது.

அன்று மாலை முதலாளி பழக்கூடையோடு வந்தார். பட்டறையில் வேலை தேங்கிக் கிடக்கிறதாம். இப்போது சரியாக எத்தனை கிலோ என்று சொன்னால் அதற்கேற்ப முள்ளை வைத்துக்கொள்ளலாமாம்.

அண்ணி அவரைப் பார்க்கவே இல்லை. எங்கள் பக்கம் திரும்பினாள்.

"நான் செத்திருந்தாலும் பொணத்தை ஏத்தி நிறுத்தி ஐம்பத்திரண்டுன்னு எழுதியிருப்பீங்க."

அண்ணன் வெளியே போய்விட்டான். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எழுதியிருப்பேன் அண்ணி" என்றேன்.