மறைத்து வைத்த கர்சர்

அற்புதமேரிக்கு ஆறு வயதிலேயே பார்வை போய்விட்டது. ராபின்சன் சாலையில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தில் பதினோரு ஆண்டுகளாகத் தொலைபேசி ஆபரேட்டர் அவர். பூன் லே குடியிருப்பிலிருந்து இரண்டு பேருந்து மாறி வருவார். நூற்றெண்பது உள் எண்களையும் பிரெயில் அட்டைகளில் குத்தி வைத்திருந்தார். பாதிக்கு அட்டையே தேவைப்படாது.

1987இல் அட்டைகளுக்குப் பதில் கணினி வந்தது. திரையைப் படித்துச் சொல்லும் ஒரு பேசும் பெட்டியும் கூடவே வந்தது. ஒரு மாதத்தில் அதை வைத்து வேலை செய்து காட்ட வேண்டும், இல்லையென்றால் அந்த இடத்துக்கு வேறு ஆள் என்றார் மேலாளர் எட்மண்ட்.

மூன்று வாரம் போயிற்று. எந்த விசையை அழுத்தினாலும் பெட்டி ஒரே வரியைத்தான் சொன்னது: நிறுவனத்தின் பெயர்.

அந்தக் கணினிக்கு நிரலை எழுதியவர் சிவசுப்பிரமணியம். பிராஸ் பாசா கடைகளில் வாங்கிய பழைய புத்தகங்களைப் பார்த்துத் தானே கற்றவர். திரையில் ஓர் எழுத்து விலகி நின்றாலும் பொறுக்கமாட்டார்.

“சிவா, இதுக்கு கம்பெனி பேர் மட்டும்தான் தெரியும் லா. என்னைவிட விசுவாசி.”

“கீழ் அம்பை அழுத்தினா மஞ்சள் கோடு அடுத்த பேருக்குப் போகுதே அக்கா!”

“மஞ்சளா? அழகாத்தான் இருக்கும். நான் எங்க நிக்கிறேன்னு எனக்கு யாரு சொல்றது?”

சிவசுப்பிரமணியம் திரையின் அடியைப் பார்த்தார். திரையில் இடம் காட்டி விட்டு விட்டு மின்னும் கர்சர் பார்வைக்கு அசிங்கம் என்று அதைக் கடைசி வரியில், நிறுவனத்தின் பெயரில் கொண்டுபோய் ஒளித்தவர் அவரேதான். பெட்டிக்கு நிறம் தெரியாது. கர்சர் நிற்கும் வரியைத்தான் அது படிக்கும்.

அன்று பிற்பகலே கர்சரை மஞ்சள் கோட்டோடு நகரவைத்தார். ‘ஊழியர் பட்டியல்’ என்று பெட்டி சொன்னதும் அற்புதமேரி என்டரைத் தட்டினார். அச்சுப்பொறி கறகறவென்று தாள்களைத் துப்பியது.

“மாதாவே! பட்டியலுக்குள்ள போகத்தானே தட்டினேன்?”

“அது பிரின்ட் பண்ற வரி அக்கா. சுத்தி கட்டம் போட்டிருக்கேன்ல.”

“கட்டத்தையும் வாசிக்கச் சொல்லு உன் பெட்டிய!”

சிவசுப்பிரமணியம் சிரிக்கவில்லை. வேறு பக்கத்துக்குக் கொண்டுபோகும் வரிகளின் முன்னால் ‘பக்கம்’ என்றும், ஒரு வேலையைச் செய்துவிடும் வரிகளின் முன்னால் ‘வேலை’ என்றும் ஒவ்வொன்றாகச் சேர்த்தார். திரையின் ஒழுங்கு கெட்டது. அப்படியே விட்டுவிட்டார்.

மாதத்தின் கடைசி நாள் எட்மண்ட் மேல்மாடியிலிருந்து தொலைபேசியில் பத்துப் பேரை வரிசையாகக் கேட்டார். ஒன்பது பேருக்கு இணைப்பு உடனே போனது.

“ஸ்டோர் இராமசாமி?”

“இன்னிக்கு லீவு சார். இது பெட்டி சொல்லல, நான் சொல்றேன்.”

புது ஆள் தேவை என்று எழுதி வைத்திருந்த விளம்பரத்தை எட்மண்ட் நாளிதழுக்கு அனுப்பவில்லை.