மாதிரி வகுப்பில் அஸ்டானிஷ்

எம்.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு எட்டு வருஷமாக விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் பொம்மைகளுக்குப் பெயின்ட் அடிக்கிறேன். போன மாதம்தான் ஊரிலேயே ஒரு தனியார் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். மாதிரி வகுப்பு ஒன்று எடுக்க வேண்டும்; பிடித்திருந்தால் டீச்சர் வேலை. எப்படியாவது அது கிடைத்துவிட வேண்டுமே என்று தவித்தேன்.

ஆறாம் வகுப்புக்கு ‘அஸ்டானிஷ்’ என்ற சொல்லை நடத்தச் சொன்னார்கள். பெரிய ஆச்சரியத்தில் ஆழ்த்துவது என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். நான்தான் அதிகப்பிரசங்கி ஆயிற்றே, அகராதியைக் குடைந்தேன். லத்தீனில் இடி முழங்குவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து கிளம்பி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்ததாம். பக்கத்தில் இடி விழுந்தால் மனுஷன் ‘ஆகா’ என்றா சொல்வான்? வாயடைத்து நிற்பான். ஆதியில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள்.

அந்த ஆச்சரியம் எனக்குப் பழக்கமானது. எங்கள் கம்பெனியில் சூளையைத் திறக்கும்போது யாரும் பேசக் கூடாது. பொம்மைகள் பளபளவென்று வந்திருந்தாலும் சரி, மொத்தமும் விரிசல் விட்டிருந்தாலும் சரி, கடைசித் தட்டு வெளியே வரும்வரை வாயைத் திறக்க மாட்டோம். பேசினால் கண் பட்டுவிடும் என்று பயம்.

வகுப்பில் இடிக் கதையைச் சொன்னேன். பிள்ளைகள் நன்றாகத்தான் கேட்டார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த தலைமை ஆசிரியை, “எங்க, அஸ்டானிஷ் ஆனா எப்படி இருக்கும்னு நடிச்சுக் காட்டுங்க” என்றார். சூளை வாசலில் நிற்பது மாதிரியே நின்றேன். கை ஆடவில்லை, முகம் அசையவில்லை.

“என்னங்க, பாடம் மறந்துபோச்சா?” என்றார் அவர். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். எனக்கு அடுத்து மாதிரி வகுப்பு எடுக்க வந்த பெண் கன்னத்தில் கை வைத்து ‘வாவ்’ என்று கத்தினாள். வகுப்பே கைதட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘வாவ்’ சொல்வதற்கு எதற்கு எம்.ஏ.?

கிளம்பும்போது தலைமை ஆசிரியை தன்மையாகத்தான் கேட்டார். “ஏங்க அப்படியே நின்னுட்டீங்க? இப்ப எங்க வேலை பாக்குறீங்க?”

சூளையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும். செராமிக் கம்பெனி என்று சொல்லத்தான் கூச்சமாக இருந்தது. நகக்கண்ணில் ஒட்டியிருந்த பெயின்டைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டேன்.

“வூட்டுலதான் இருக்கேன் மேடம், சும்மா.”

வேலை அந்தப் பெண்ணுக்குப் போய்விட்டது. அதைக்கூட விட்டுவிடலாம். எட்டு வருஷம் எனக்குச் சோறு போட்ட வேலையை என் வாயாலேயே சும்மா என்று சொன்னேனே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.